வழக்கம்போல்

மாப்ள, வா. வண்டியை நெழல்ல போடு. கையில லட்டு டப்பா இல்லாம வந்திருக்க பாரு, அதுலயே விசயம் தெரிஞ்சுபோச்சு. போன வாரம் மே எட்டாம் தேதி வந்தப்போ வண்டி நிக்கிறதுக்கு முன்னாடியே டப்பாவைத் தொறந்துட்ட. மூத்தவ பன்னெண்டாவதுல 561-னு தெருவுக்கே கேக்குற மாதிரி சொன்ன. எனக்குச் சர்க்கரைன்னு தெரிஞ்சும் ரெண்டு லட்டை வாயில திணிச்ச. இன்னைக்கு மே பதினாறு, பத்தாவது ரிசல்ட்டு. வண்டியைத் தள்ளிக்கிட்டு வார. பெட்ரோல் தீந்துபோச்சா, இல்ல எளையவன் தீத்துட்டானா?

கணக்குலயும் இங்கிலீசுலயும் போயிருச்சா? அட, ரெண்டு பாடந்தான! நான் 1968-ல பழைய எஸ்.எஸ்.எல்.சி., பதினொண்ணாங் கிளாசுல, நாலு பாடத்துல போனவன். நம்ம குடும்பத்துல ஆம்பளைக ஃபெயிலாகுறது இன்னைக்கு நேத்து வந்த பழக்கமா? பரம்பரைச் சொத்துல்லா அது. நெலத்தைத்தான் வித்துத் தின்னுட்டோம், இதையாச்சும் காப்பாத்துறானேன்னு சந்தோசப்படு.

தண்ணியக் குடி. இந்தா, பேப்பரப் பாரு. வழக்கம்போல் மாணவிகளே அதிகத் தேர்ச்சியாம். இந்த 'வழக்கம்போல்'ங்கிற சொல்லை அச்சாபீசுல தனியா ஒரு டப்பாவுல போட்டு வச்சிருப்பானுக போல. மே மாசம் வந்தா எடுத்துத் தொடைச்சு வைப்பானுக, வருசத்தை மட்டும் மாத்திக்கிடுவானுக. கூடவே ஒரு போட்டோ. நாலு பொம்பளப் பிள்ளைக எகிறிக் குதிக்கும், இல்லைன்னா ஒருத்தி வாயில ஒருத்தி இனிப்பைத் திணிப்பா. பாஸான பயலும் லட்சக்கணக்குல இருக்கான மாப்ள, ஒருத்தன் வாயிலயாவது லட்டு இருக்கிற மாதிரி போட்டோ பாத்திருக்கியா? அவனுக பாஸானா வீட்டுக்காரனே நம்புறதில்ல, போட்டோக்காரன் எங்க நம்புவான்?

நான் வெட்டுப் பேப்பரையெல்லாம் டிரங்குப் பெட்டியில வச்சிருக்கேன். சிரிக்காத, வயசான காலத்துல வேற என்ன வேலை? 2023-ல பத்தாவதுல பொம்பளப் பிள்ளைக 94.66 சதவீதம், பயலுக 88.16. 2024-ல அவளுக 94.53, இவனுக 88.58. இந்த 2025-ல அவளுக 95.88, இவனுக 91.74. இவனுகளும் மெல்ல ஏறித்தான் வாரானுக, இல்லைன்னு சொல்லல. மழைக்குப் பிறகு கரிசக்காட்டுல மாட்டுவண்டி ஏறுற மாதிரி ஏறுறானுக. உன் மகன் பாதி வழியில வண்டியிலருந்து குதிச்சுட்டான், அம்புட்டுத்தான்.

ஆனா சதவீதத்தை விடு. அது எழுதினவன் கணக்கு. தலையை எண்ணு. இந்த வருசம் பன்னெண்டாவது எழுதின பொம்பளப் பிள்ளைக 4,19,316. பயலுக 3,73,178. கழிச்சுப் பாரு. உனக்கு வரலைன்னா மூத்தவகிட்டக் கொடு. 46 ஆயிரத்துச் சொச்சம் பேரு அவளுக கூட. இத்தனைக்கும் 2011 ஜனத்தொகைக் கணக்கு எடுத்தப்போ நம்ம மாநிலத்துல ஆறு வயசு வரைக்கும் உள்ள பயலுக ஆயிரம் பேருக்குப் பொம்பளப் பிள்ளைக 943 பேருதான். அன்னைக்கு மூணு வயசு நாலு வயசுல மூக்கு ஒழுகிக்கிட்டுத் தெருவுல நின்ன அதே கூட்டந்தான் இன்னைக்குப் பன்னெண்டாவது எழுதியிருக்கு. பொறந்தப்போ கூட இருந்தவன் பரீட்சை ஹாலுக்கு வரும்போது எப்படிக் கொறைஞ்சான்? வழியில எதுவும் புடிச்சுத் தின்னுருச்சா?

கொஞ்சப் பேரு சி.பி.எஸ்.இ. போயிருப்பான். கொஞ்சப் பேரு பத்தாவது முடிச்சு பாலிடெக்னிக், ஐ.டி.ஐ.ன்னு போயிருப்பான். அவனை நான் கொறை சொல்லல, ஒழுங்கா வெல்டிங் படிச்சவன் வீட்டுல அடுப்பு எரியுது. மிச்சம் இருக்கிறவன் எங்கன்னு கேளு. காலையில பத்து மணிக்கு நம்ம டீக்கடைக்கு வா, காட்டுறேன். ஒருத்தன் பெயிண்டு வாளியோட நிப்பான், ஒருத்தன் மெக்கானிக் ஷெட்டுல கிரீஸ் பூசிக்கிட்டு இருப்பான், ஒருத்தன் கேரளா பஸ்சுக்கு நிப்பான். ஒருத்தன் சும்மாவே நிப்பான். அவன்தான் சீனியரு.

ஏன்னு கேட்டா, பயலுக்கு வெளியில வெல இருக்கு மாப்ள. பெயிண்டருக்குக் கையாளாப் போனா சாயங்காலம் அறுநூறு ரூவாயை எண்ணிக் கையில வைக்கிறான். அப்பனுக்கு ஒரு மாசம் ஒடம்புக்கு முடியலைன்னா வீட்டுல முதல்ல யாரைப் பாக்காக? அவனைத்தான். அவளை எவன் பெயிண்டு அடிக்கக் கூப்பிடுறான்? கூப்பிட்டாலும் பாதிக் கூலி. சந்தையில வெல போகாத மாடு தொழுவத்துலயே நிக்கும்பாக பாரு, அப்படித்தான் பாதிப் பொம்பளப் பிள்ளைக பள்ளிக்கூடத்துல நின்னது. நின்னதுக நின்ன எடத்துலயே படிச்சுத் தொலைச்சிருச்சுக. அதை எவனும் எதிர்பாக்கல.

உன் மகனுக்கு அந்தக் கஷ்டமும் இல்லையே. நீ ஒடம்புக்கு முடியாமப் படுத்ததுமில்ல, அவன் வாளியைத் தூக்கினதுமில்ல. அப்போ அவனுக்கு என்ன கேடு? சொல்றேன். சொன்னாக் கோவிச்சுக்குவ.

தைப் பொங்கலுக்கு உன் வீட்டுல ரெண்டு ராத்திரி தங்கினேன்ல. கெழவனுக்குத் தூக்கம் ஏது? கயித்துக் கட்டில்ல கண்ணை மூடிக்கிட்டு எல்லாத்தையும் பாத்துக்கிட்டுத்தான் கெடந்தேன். அஞ்சு மணிக்கு மூத்தவ எந்திரிச்சா. வாசத் தெளிச்சா, கோலம் போட்டா, அடி குழாயில நாலு கொடம் அடிச்சு ஊத்தினா. பெறகு கிரைண்டரைப் போட்டுவிட்டு, பக்கத்துல மணக்கட்டையைப் போட்டு உக்காந்து, இயற்பியல் புஸ்தகத்தை மடியில விரிச்சா. கிரைண்டர் சத்தத்துக்கு மேல அவ சத்தம் போட்டுப் படிக்கணும். கையில மாவு. பக்கத்தைத் திருப்புறதுக்குச் சுண்டுவிரலை மட்டும் சுத்தமா வச்சிருந்தா. பெறகு அந்தப் புஸ்தகத்தை நான் எடுத்துப் பாத்தேன். லென்சு படம் போட்டிருக்கிற பக்கத்துல மாவு காய்ஞ்சு ஒட்டிப்போயிருக்கு, நகத்தால சொரண்டித்தான் பிரிக்கணும். 561 மார்க்கு அப்படி வந்தது மாப்ள. அரைச்ச மாவு உன் மகன் வயித்துக்குள்ள இட்டிலியாப் போனது, அது வேற கணக்கு.

எளையவன் எப்படி? நெஞ்சு மேல செல்போனை வச்சுக்கிட்டு வாயைப் பொளந்து தூங்குறான். உங்காத்தா போறா, "ராசா, எந்திரிய்யா"ங்கிறா. பெறகு உன் வீட்டுக்காரி காப்பியோட போறா. மூணாவது நீயே போற. திருச்செந்தூர் முருகனுக்குக்கூட விடியக்காலையில இத்தனை பேரு போய் எழுப்புறதில்ல. எந்திரிச்சவன் மொதக் கேள்வி, "எஞ் சாக்ஸ் எங்க?" அதைத் தேடிக் கொடுத்தவளும் அவதான்.

அவன் பையைத் தூக்கிப் பாத்தேன், பூ மாதிரி இருந்துச்சு. ஒரே ஒரு நோட்டு. முதல் ரெண்டு பக்கம் முத்து முத்தா எழுத்து, அது ஜூன் மாசத்து எழுத்து. அதுக்குப் பெறகு வெறும் வெள்ளை. கடைசிப் பக்கத்துலருந்து திருப்பினா பைக்குப் படம். சும்மா கிறுக்கல் இல்ல மாப்ள, சக்கரத்துல ஒவ்வொரு கம்பியா வரைஞ்சு, சைலன்சருக்கு நெழல் தட்டி, சங்கிலிக் கண்ணியை ஒண்ணு ஒண்ணா எண்ணிப் போட்டிருக்கான். நான் கொஞ்ச நேரம் அசந்துபோயிட்டேன். இம்புட்டு நேரம் ஒரே எடத்துல உக்காந்து ஒரு காரியம் பாக்கத் தெரிஞ்சவனுக்கா கணக்கு வராது? வரும். எதுக்கு வரணும்னுதான் அவனுக்கு இன்னும் தெரியல.

அவளுக்குத் தெரியும். பள்ளிக்கூடம் அவளுக்கு ஓஞ்சு உக்காருற எடம். பெஞ்சுல உக்காந்தா சாயங்காலம் வரைக்கும் ஒருத்தரும் "ஏ பிள்ள, தண்ணி கொண்டா"ன்னு கூப்பிட மாட்டாக. இவனுக்கு அது ஜெயிலு. வீட்டுல ராசா, அங்க போனா நாப்பது பேருல ஒருத்தன். எந்த ராசா கிரீடத்தைக் கழட்டி வச்சுட்டுப் பெஞ்சுல போய் உக்காருவான்? கடைசிப் பெஞ்சுல உக்காந்து தனி ராச்சியம் நடத்தத்தான் பாப்பான்.

இன்னொண்ணும் என் காதுல விழுந்துச்சு. உன் வீட்டுக்காரி அடுப்படியில வச்சு அவகிட்டச் சொல்றா, "மார்க்கு கொறைஞ்சா எங்க அண்ணன் மகனுக்கு முடிச்சு விட்டுருவேன், பாத்துக்க." அந்த அண்ணன் மகனை நான் பாத்திருக்கேன். அவனைக் கட்டுறதுக்கு வேதியியலைக் கட்டிக்கிட்டு அழலாம்னு எந்தப் பிள்ளைக்கும் தோணும். ஒவ்வொரு மார்க்கும் அவளுக்கு ஒரு முகூர்த்தத்தைத் தள்ளிப் போடுது மாப்ள. 561 முகூர்த்தத்தைத் தள்ளிப் போட்டுட்டு உக்காந்திருக்கா. நீ என்னன்னா பிள்ளைக்கு மூளைன்னு லட்டு கொடுக்க.

சர்க்காரும் லேசுப்பட்டது இல்ல. நம்ம ஆளுக மூக்கணாங்கயிறு எங்க இருக்குன்னு அதுக்கு நல்லாத் தெரியும். 1989-ல மூவலூர் ராமாமிர்தம் அம்மையார் பேருல ஒரு திட்டம் வந்துச்சு. எட்டாவது படிச்ச ஏழைப் பொண்ணுக்குக் கல்யாணச் செலவுக்கு 5,000 ரூவா. 2011-ல பத்தாவதுன்னா 25,000 ரூவாயும் தாலிக்கு நாலு கிராம் தங்கமும், டிகிரி டிப்ளமான்னா 50,000மும் நாலு கிராமும். 2016-ல தங்கம் எட்டு கிராமாச்சு. நம்ம தெருவுல மகளைப் பத்தாவது வரைக்கும் விட்டுவச்ச அப்பன் எத்தனை பேருன்னு எனக்குத் தெரியும். சரஸ்வதி மேல பக்தியா? தட்டான் கடையில போய் அன்னன்னைக்கு கிராம் வெல விசாரிச்சுக்கிட்டு இருந்தானுக. மாட்டுக்குப் புல்லைக் காட்டி வண்டியில பூட்டுவோம்ல, அதே மாதிரி அப்பனுக்குத் தாலியைக் காட்டி மகளைப் பள்ளிக்கூடத்துல பூட்டினாக. வண்டி ஓடிருச்சு, அதைச் சொல்லணும்.

பெறகு 2022 செப்டம்பர்ல அந்தத் தாலியைக் கழட்டிட்டு, அரசுப் பள்ளிக்கூடத்துல படிச்சவ காலேசுக்குப் போனா மாசம் 1,000 ரூவா, அவ பேருல உள்ள கணக்குலயே போடுறோம்னுட்டாக. புதுமைப் பெண் திட்டம். நம்ம எட்டயபுரத்துக்காரர் வச்ச பேரு. 2024 ஆகஸ்டுல பயலுகளுக்கும் அதே 1,000, தமிழ்ப் புதல்வன். நல்லதுதான். ஆனா அந்தப் புதல்வன் காலேசு வாசலுக்கு வந்து சேரணும்ல! சைக்கிள் கதையும் அப்படித்தான். 2001-ல பதினொண்ணாவது படிக்கிற தாழ்த்தப்பட்ட, பழங்குடிப் பொம்பளப் பிள்ளைகளுக்குன்னு ஆரம்பிச்சாக, பெறகு எல்லாப் பிள்ளைகளுக்கும் பயலுகளுக்கும் வந்துச்சு. மூத்தவ அந்தச் சைக்கிள்லதான் ரெண்டு வருசம் போனா. இவனுக்கும் பதினொண்ணாவது போனாச் சர்க்காரு சைக்கிள் கொடுத்திருக்கும். அது வரைக்கும் பொறுக்க முடியாம நீ பத்தாவதுலயே பைக்கு வாங்கிக் கொடுத்துட்ட. லைசென்சு இல்லாத பயலுக்கு! பைக்கு இருக்கிறவன் சைக்கிளுக்காகப் பரீட்சை எழுதுவானா?

பள்ளிக்கூடத்தையும் சொல்லணும், பேரு வேண்டாம். நீ வேலைன்னு சொல்லி என்னை அனுப்புனியே, பெத்தவுக கூட்டம்னு. போனேன். பொம்பளப் பிள்ளைக வகுப்பைக் கூட்டிக்கிட்டு இருக்குதுக, பயலுக பெஞ்சைத் தூக்கி வராந்தாவுல போடுறானுக. சுவத்துல பாரதியார் முண்டாசோட அவளுக கூட்டுற தூசியை மோந்துக்கிட்டு நிக்காரு. ஒரு பய, ஒல்லியானவன், மார்ஜின் போட்டு அழகா எழுதிக்கிட்டு இருந்தான். பின்னால இருந்து நாலு பேரு "ஏ, பொண்ணு மாதிரி எழுதுறான்டா"ங்கிறானுக. அவன் நோட்டை மூடி வச்சுட்டான். பாத்துக்கிட்டே இருந்தேன் மாப்ள, பெறகு அந்த நோட்டை அவன் தொறக்கல. படிப்புங்கிறது பாவாடை கட்டிக்கிட்ட சமாச்சாரம்னு அவனுகளுக்குள்ள எப்பவோ தீர்ப்பாகிப்போச்சு. எட்டாவது வரைக்கும் ஃபெயிலும் கிடையாதா, தெரியாதது தெரியாமலே மேல ஏறிருது. ஒம்பதாவதுல போய் முட்டும்போது கேக்க வெக்கம், அந்த வெக்கத்தை மறைக்கக் கட்டிங். காதுக்கு மேல சுத்தமா வழிச்சு உச்சியில மட்டும் குருவிக்கூடு.

அங்க ஒரு வாத்தியாரு எம் முன்னாலயே உன் மகனைப் பாத்து, "நீயெல்லாம் மாடு மேய்க்கத்தான் லாயக்கு"ன்னாரு. எனக்குப் பொறுக்கல. "சார், நான் முப்பது வருசம் மாடு மேய்ச்சவன். இவனை நம்பி ஒரு கன்னுக்குட்டியைக்கூட அவுத்துவிட மாட்டேன். அது அம்புட்டுச் சுளுவான வேலை இல்ல"ன்னேன். வாத்தியாரு சிரிச்சுட்டாரு. உன் மகனும் சிரிச்சான். அவன் பள்ளிக்கூடத்துல சிரிச்சு நான் பாத்தது அன்னைக்குத்தான்.

சரி, வழி கேட்டு வந்திருக்க. சொல்றேன், செஞ்சு பாரு. இன்னைக்கு ராத்திரி அவனைக் கூப்பிட்டு, "ஜூலைத் துணைத் தேர்வுலயும் போச்சுன்னா ஆவணியில உன்னைக் கட்டிக் கொடுத்துருவோம். சங்கரங்கோயில் பக்கம் ஒரு எடம் வந்திருக்கு, பொண்ணுக்கு முப்பத்திரண்டு வயசு, நல்ல குடும்பம், அங்கதான் போய் இருக்கணும், சமையல் தெரிஞ்சிருக்கணும்"னு சொல்லு. பைக்குச் சாவியை வாங்கி உள்ள வை. சாயங்காலம் ஆறு மணிக்கு மேல தெருவுல நின்னா நாலு பேரு நாலு விதமாப் பேசுவாக, உள்ள வான்னு சொல்லு. சத்தம் போட்டுச் சிரிச்சா, ஆம்பளப் பிள்ளைக்கு என்ன சிரிப்புன்னு கேளு. எதுத்த வீட்டுப் பிள்ளைகிட்டப் பேசினா டியூசனை நிறுத்திருவேன்னு மெரட்டு. காலையில அஞ்சு மணிக்கு எழுப்பிக் கொடத்தைக் கையில கொடு. செல்போனை உன் வீட்டுக்காரி வாங்கி, யாருக்குப் போன் பண்ணினான்னு தெனமும் பாக்கட்டும். ரெண்டே மாசம். பள்ளிக்கூட மணி எப்போ அடிக்கும்னு வாசல்ல போய் நிப்பான். ஞாயித்துக்கெழமைகூடப் போகலாமான்னு கேப்பான்.

என்ன, மொறைக்கிற? அவளை அப்படித்தான வளத்த, அவ 561 எடுத்தால்ல. மருந்து நல்லா வேலை செய்யுதுன்னு தெரிஞ்சும் மகனுக்குக் கொடுக்க மனசு வரலைன்னா என்ன அர்த்தம்? மருந்து கசக்கும்னு உனக்கு முன்னாடியே தெரியும்.

உன் தங்கச்சியை நெனைச்சுப் பாரு. 1988-ல அவளுக்கு ஒம்பது வயசு. விடியக்காலை நாலு மணிக்குத் தீப்பெட்டி ஆபீசு வண்டி வந்து தெருவுல ஆரன் அடிக்கும். தூக்கக் கலக்கத்துல உங்காத்தா அவளைத் தூக்கி வண்டிக்குள்ள போடுவா. வண்டி நெறையப் பொம்பளப் பிள்ளைக. 1986-லயே சட்டம் போட்டாச்சு, சின்னப் பிள்ளைகளைத் தீப்பெட்டி வேலையில வைக்கக் கூடாதுன்னு. சட்டம் வந்துருச்சு, வண்டி நிக்கல. அவ கட்டை அடுக்கின காசுலதான் நீ கோவில்பட்டிக்கு பஸ் ஏறின, பி.காம். முடிச்ச. அவ வெரல் அன்னைக்கு எம்புட்டு வேகம் தெரியுமா? குச்சியை அள்ளி அடுக்குறது கண்ணுக்கே தெரியாது. அந்தக் கையில பேனாவைக் கொடுத்திருந்தா இன்னைக்கு அவ மகளுக்கு முன்னாடி அவ காலேசு போயிருப்பா. அப்பவும் வழக்கம்போலதான் மாப்ள. அந்த வழக்கத்தைப் பேப்பர்ல போடல, அவ்வளவுதான்.

அதுக்கு முந்தின தலைமொறைக்கு வா, எங் கதை. நாஞ் சின்னப் பயலா இருக்கும்போது, 1956-ல, எட்டயபுரத்துல காமராசரு மத்தியானச் சாப்பாட்டைத் தொடங்கி வச்சாரு. பெறகு நம்ம ஊருப் பள்ளிக்கூடத்துக்கும் வந்துச்சு. அந்தச் சோத்துக்காகத்தான் வீட்டுல எங்க ரெண்டு பேரையும் அனுப்பினாக. உங்காத்தா என்னை இடுப்புல தூக்கிட்டுப் போவா. அவ என்னைவிட மூணு வயசு மூப்பு. பதினாறாம் வாய்ப்பாட்டை ஒரே மூச்சுல சொல்லுவா, நான் பதினாறஞ்சுலயே மூச்சு வாங்கி நிப்பேன். அஞ்சாவதோட அவளை நிறுத்துனாக, வீட்டுல ஆளு வேணும்னு. என்னை விட்டுட்டாக. நான் அதுக்குப் பெறகும் ஆறு வருசம் படிச்சு நாலு பாடத்துல ஃபெயிலாகிக் குடும்பத்துக்குப் பேரு வாங்கிக் கொடுத்தேன். இன்னைக்கும் பால்காரன் மாசக் கணக்குச் சொன்னா, "முப்பத்திரண்டு ரூவா கூடச் சொல்ற"ன்னு உங்காத்தா மனசுலயே பிடிப்பா. நான் வெரலை விட்டு எண்ணி முடிக்கிறதுக்குள்ள அவன் அடுத்த தெருவுக்குப் போயிருப்பான்.

இப்பேர்ப்பட்டவதான், நான் போன தடவை வந்து "எளையவனை ஒரு தட்டையாவது கழுவச் சொல்லு"ன்னு சொன்னதுக்கு, "ஆம்பளப் பிள்ளை எச்சித் தட்டைத் தொடுறதா? நான் செத்த பெறகு வச்சுக்க"ன்னு எம் மேல பாய்ஞ்சா. பள்ளிக்கூடத்தை யாருகிட்டருந்து புடுங்கினாகளோ, அவளேதான் இன்னைக்கு வாசல்ல காவலு. எங் கெழவி மட்டும் என்ன? பக்கத்துல இருந்து, "நீங்க இந்த அம்பது வருசத்துல எந்தப் பாத்திரத்தைக் கழுவினீக, ஊருக்குப் புத்தி சொல்ல வந்துட்டீக?"ன்னு கேட்டா. பதில் இருந்தா நான் ஏன் வெத்தலையை மென்னுக்கிட்டு வெளித் திண்ணைக்கு வாரேன்?

ஒண்ணு மட்டும் கேட்டுக்க. நேத்து நம்ம தரகரு வந்தாரு, தலையில கை வச்சு உக்காந்துட்டாரு. அவரு பையில பொண்ணு ஜாதகம் பூராவும் எம்.எஸ்ஸி., பி.எட்.டு, பி.ஈ. பையன் ஜாதகம் பூராவும் பத்தாவது, 'சொந்த வண்டி'. பொண்ணு வீட்டுக்காரன் மகளைவிட ஒரு டிகிரியாவது கூடப் படிச்சவன் வேணும்ங்கிறான். அதுக்கு ஆளை எங்க போய்த் தேடுறதுன்னு அவரு அழுகிறாரு. பத்து வருசம் கழிச்சு உன் மகன் ஜாதகத்தையும் அந்தப் பையிலதான் போடணும். அன்னைக்கு எங்கிட்ட வந்து அழாத, நான் இருக்க மாட்டேன். நீ வண்டிக்குப் பெட்ரோல் போட்டுக்கிட்டுக் கெளம்பு.

*

மாப்ள, நேத்துச் சாயங்காலம் நீ இல்லாதப்போ உன் வீட்டுப் பக்கம் வந்தேன். நீ சாவியை வாங்கி உள்ள வச்சுட்டன்னு கேள்விப்பட்டேன். அம்புட்டுத் தைரியம் உனக்கு எங்கருந்து வந்துச்சு? சங்கரங்கோயில் பொண்ணையும் சொல்லிட்டியா? அவன் மூணு நாளு சாப்பிடலையாமே. பெறகு உங்காத்தாதான் பாயாசம் வச்சு எறக்கினாளாம்.

விசயம் அது இல்ல. ஜூலைப் பரீட்சைக்குக் கணக்குச் சொல்லிக் கொடுன்னு அவன் மூத்தவகிட்டப் போய் நின்னிருக்கான். அவ காலேசுக்கு அப்ளிகேசன் போட்டுட்டு உக்காந்திருக்கா, நேரம் இருக்கு. ஆனா யாரு மக அவ? சும்மா சொல்லிக் கொடுப்பாளா? ஒரு கணக்குக்கு ஒரு பாத்திரம்னு பேசியிருக்கா. சின்னக் கணக்குன்னா டம்ளரு, இருபடிச் சமன்பாடுன்னா இட்டிலிக் கொப்பரை. ரெண்டு வாரமா நடக்குதாம், உனக்கு ஒருத்தரும் சொல்லல.

நான் வரும்போது முன்வாசல் கதவு சாத்திக் கெடக்கு. வெளிச்சம் இருக்கும்போது உன் வீட்டுக் கதவு சாத்திக் கெடந்து நான் பாத்ததே இல்ல. படியில உங்காத்தா, கால நீட்டி உக்காந்து, தெருவுல போறவாறவனையெல்லாம் மொறைச்சுக்கிட்டு இருக்கா. "என்னக்கா, கதவு ஏன் சாத்தியிருக்கு?"ன்னேன். "நீ உன் சோலியப் பாத்துட்டுப் போ"ன்னா. உள்ள கொல்லைப் பக்கம் பாத்திரம் உருள்ற சத்தம். அதுக்கு நடுவுல, மீசை மொளைக்கிற வயசுல ஒடைஞ்சு போயிருக்குமே, அப்படி ஒரு கொரலு, "ஏ பிளஸ் பி ஹோல் ஸ்கொயர்... ஏ ஸ்கொயர் பிளஸ்... ஏ அக்கா, இந்த அடிப்பிடிச்சதுக்கு ரெண்டு கணக்கு!"